தைராய்டு அறுவைச் சிகிச்சை: கழுத்துக் காயத்தை எப்படி மூடுகிறார்கள், தழும்பு ஆற எவ்வளவு காலம் ஆகும்?

கேள்வி: தமிழாசிரியை, விருதுநகர்

அனைவருக்கும் வணக்கம். என் கழுத்தின் முன்புறத்தில் சில ஆண்டுகளாக இருந்துவந்த வீக்கம், தைராய்டு சுரப்பியின் இரு மடல்களிலும் வளர்ந்துள்ள முடிச்சுகளால் ஏற்பட்டது என்று ஸ்கேனில் தெரியவந்திருக்கிறது. ஊசிவழிப் பரிசோதனையில் புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் கழலை மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கிவிட்டதால், சுரப்பியை முழுமையாக அகற்றிவிட வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அதற்கு நானும் வீட்டாரும் சம்மதித்துவிட்டோம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

என் குழப்பமெல்லாம் காயத்தை மூடும் முறையைப் பற்றியதுதான். நான் முதலில் பார்த்த மருத்துவமனையில், தோலுக்கு உலோகக் கிளிப் போட்டு மூன்றாம் நாள் எடுத்துவிடுவோம் என்றார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கச் சென்ற இடத்தில், உள்ளே கரையும் நூலால் தைத்து மேலே பசை பூசிவிடுவோம், தையல் பிரிக்க வரவே வேண்டாம் என்றார்கள். எங்கள் தெருவில் பல ஆண்டுகளுக்கு முன்பு இதே சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெரியம்மாவின் கழுத்திலோ, நீளக் கோட்டின் குறுக்கே ஏணிப்படி போலத் தையல் அடையாளங்கள் இன்றும் தெரிகின்றன. அதைப் பார்த்ததிலிருந்து மனம் அமைதியடையவில்லை. சிறுவயதில் தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு எனக்குத் தடித்து மேடாகவே இருக்கிறது. காது குத்திய இடம் மட்டும் இயல்பாக ஆறியது. கழுத்துத் தழும்பும் தடித்துவிடுமோ என்பது என் பெரிய அச்சம்.

எந்த முறையில் மூடினால் தழும்பு குறைவாகத் தெரியும்? எப்போது குளிக்கலாம், எப்போது தாலிச் சங்கிலி அணியலாம், வகுப்பில் எப்போது குரலெழுப்பிப் பேசலாம்? புண் ஆறும்வரை கத்தரிக்காய், மீன், முட்டை எதையும் தொடக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார், அது சரியா? அனுபவமுள்ளவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஓய்வு

அம்மா, வணக்கம். தோலை எதைக் கொண்டு மூடுகிறார்கள் என்பதைத்தான் நோயாளிகள் எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் அது இயல்பே. ஆனால் தழும்பு எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வேறு மூன்று: கீறல் எந்த இடத்தில் போடப்படுகிறது, தோலுக்குக் கீழே உள்ள அடுக்குகள் எப்படித் தைக்கப்படுகின்றன, உங்கள் உடம்பின் தோல் இயல்பு எப்படிப்பட்டது. மேல்தோலில் கிளிப்பா, நூலா, பசையா என்பது இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

கீறலில் தொடங்குகிறேன். கழுத்தின் அடிப்பகுதியில், சட்டைக் காலர் அமரும் இடத்தில் குறுக்காகப் போடும் இந்தக் கீறலுக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய தியோடர் கோக்கரின் பெயர் வழங்குகிறது. தைராய்டு பற்றிய ஆய்வுக்காகவும் அறுவைக்காகவும் 1909இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தொடக்க காலத்தில் அவர் கையிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த ஒரு சிகிச்சையை, நிதானமாக ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டிச் செய்யும் முறையால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இறப்புக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாங்கள் கழுத்தைத் திறப்பதும் மூடுவதும் அந்த நிதானத்தின் தொடர்ச்சிதான்.

கீறல், கழுத்தில் இயற்கையாக உள்ள மடிப்புக் கோட்டிலேயே அமைய வேண்டும். மயக்கமருந்து கொடுத்து, தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தியபின் அந்தக் கோட்டைத் தேடினால் இடம் மாறிப்போகும். ஆகவே நீங்கள் விழித்திருக்கும்போதே, உட்கார்ந்த நிலையில், மடிப்பின் மேல் பேனாவால் அடையாளமிடச் சொல்லிக் கேளுங்கள். கீறல் மிகவும் தாழ்ந்து, மார்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிப் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். தழும்பு தடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சிறிய கட்டிக்கு 4 முதல் 6 செ.மீ. நீளக் கீறல் போதும். உங்களுடையதைப் போன்ற பெரிய கழலைக்குச் சற்று நீளமாகத் தேவைப்படும். நீளத்தைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சிறிய துளைக்குள் பெரிய சுரப்பியை இழுத்தெடுக்கும்போது தோலின் ஓரங்கள் நசுங்குகின்றன. நசுங்கிய ஓரம் நன்றாக ஆறாது.

இனி மூடும் முறை. சுரப்பியை எடுத்த பிறகு, மயக்கமருந்து மருத்துவர் நுரையீரலில் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பிடிப்பார். அப்போது கழுத்துச் சிரைகள் புடைக்கும்; அடங்கியிருந்த சிறு ரத்தக்கசிவு ஏதேனும் இருந்தால் வெளியே தெரியும். அதையெல்லாம் நிறுத்தியபின்தான் மூடத் தொடங்குவோம். மூச்சுக்குழாயின் முன்னால் இடமும் வலமுமாகப் பட்டைபோல் இறங்கும் தசைகளை நடுக்கோட்டில் பிரித்துத்தான் உள்ளே சென்றிருப்போம். அவற்றைக் கரையும் நூலால் மறுபடி சேர்ப்போம். அப்போது கீழ்ப்பகுதியில் ஒரு சிறு இடைவெளியை வேண்டுமென்றே தைக்காமல் விடுவது பலரின் வழக்கம். உள்ளே ரத்தம் கசிந்தால் அது ஆழத்திலேயே அடைபட்டுக் கிடக்காமல் தோலுக்கடிப் பகுதிக்கு வந்து, வீக்கமாகக் கண்ணில் படுவதற்கு அந்த இடைவெளி உதவுகிறது.

அதற்கு மேலே பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. தழும்பின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இந்தப் படலத்தைக் கரையும் நூலால், இடைவெளி விட்டுத் தனித்தனித் தையல்களாகச் சரியாகப் பொருத்தித் தைத்துவிட்டால், தோலின் இரு ஓரங்களும் இழுப்பே இல்லாமல் தாமாக நெருங்கி நிற்கும். பிறகு தோலின் மேல் எதை வைத்து மூடினாலும் அதன் வேலை, நெருங்கி நிற்பவற்றைச் சில நாட்கள் அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. படலத்தைச் சரியாகச் சேர்க்காமல் தோல் தையலை மட்டும் இறுக்கினால் தழும்பு நாளடைவில் அகன்றுபோகும். சிலருக்குத் தோல் ஆழத்திலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு, விழுங்கும்போதெல்லாம் மேலும் கீழும் இழுபடும்.

கிளிப் போட்டால் 2 அல்லது 3 நாட்களில் எடுத்துவிடலாம். கழுத்துக்கு ரத்த ஓட்டம் மிகுதி என்பதால் அவ்வளவு விரைவில் எடுத்தாலும் காயம் பிரியாது. தோலுக்குள்ளேயே ஓடும் மெல்லிய கரையும் நூல், 3 முதல் 4 வாரங்களில் வலுவிழந்து, சுமார் 3 முதல் 4 மாதங்களில் முற்றிலும் கரைந்துவிடும். நைலான் நூலையும் இதேபோல் தோலுக்குள் ஓடவிட்டு, சில நாட்களில் ஒரு முனையைப் பிடித்து உருவிவிடுகிறார்கள். பசை, காயத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாக இருந்து 5 முதல் 10 நாட்களில் தானாக உரிந்துவிடும்.

உங்கள் தெருப் பெரியம்மாவின் கழுத்தில் உள்ள குறுக்கு அடையாளங்கள், தோலின் மேல் குறுக்காகப் போட்ட தையலை ஒரு வாரத்துக்கும் மேல் விட்டுவைத்ததாலோ இறுக்கிக் கட்டியதாலோ வந்தவையாக இருக்க வேண்டும். தோலுக்குள் ஓடும் தையலிலும் பசையிலும் அவை வர வழியில்லை. கிளிப்பையும் உரிய நாளில் எடுத்துவிட்டால் வருவதில்லை. இந்த முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் சில வாரங்களில் சிறு வேறுபாடுகள் தெரிந்தாலும், மாதங்கள் சென்றபின் தழும்பின் தோற்றத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இரண்டு மருத்துவமனைகளும் உங்களுக்குச் சொன்னவை சரியான முறைகளே. எந்த அறுவை மருத்துவருக்குத் தைராய்டு சிகிச்சையில் அன்றாடப் பழக்கம் உண்டோ, அவரிடம் செல்லுங்கள். தோலை மூடும் முறையை அவருடைய வழக்கத்துக்கே விட்டுவிடுங்கள்.


பதில் 2: வங்கி ஊழியர், சேலம்

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு மதிப்பளித்தே ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு வலப்பக்க மடலை மட்டும் அகற்றினார்கள், பசைதான் பயன்படுத்தினார்கள். தையல் பிரிக்கும் வலியும் அதற்கான அலைச்சலும் இல்லை. மறுநாளே கழுத்தில் தண்ணீர் பட்டால் பரவாயில்லை என்றார்கள். இன்று தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே சகோதரி, பசை வேண்டும் என்று கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள். செலவு சற்றுக் கூடினாலும் கழுத்து வாழ்நாள் முழுதும் வெளியே தெரியும் இடமல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயத்தைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது பின்கழுத்து வலிதான். அறுவையின்போது கழுத்தை நிமிர்த்தி வைத்திருப்பதால் வருவது அது என்று பின்னர்தான் விளக்கினார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து தலையை அசைக்காமல் இருந்தால் அந்த வலி கூடத்தான் செய்யும். மெதுவாக இடமும் வலமும் திருப்பலாம், தோள்களைச் சுழற்றலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபின் விரைவில் குறைந்துவிட்டது.


பதில் 3: பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஓய்வு

சேலம் நண்பருக்கு நல்லபடியாக ஆறியதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த நல்ல தழும்புக்குப் பசையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. பசைக்குக் கீழே பிளாட்டிஸ்மாவைச் செம்மையாகத் தைத்த கை ஒன்று இருந்திருக்கிறது. மேலும், ஒரு மடலை மட்டும் எடுப்பதற்கான கீறலும் பெரிய கழலைக்கான கீறலும் நீளத்தில் ஒன்றல்ல.

பசை நல்ல பொருள். அதன் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். காயத்தின் ஓரங்கள் சரியாகச் சேராத இடத்தில் அது உள்ளே இறங்கிவிட்டால் ஆறுவதைத் தடுக்கும். அதன் மேல் எண்ணெய், வாசலின், களிம்பு எதைத் தடவினாலும் படலம் இளகி முன்கூட்டியே உரிந்துவிடும். சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பும் கொப்புளமும் வருவதுண்டு. அவசரமாகக் காயத்தைத் திறக்க வேண்டிவந்தால், கிளிப்போ தையலோ பசையோ, எதுவாயினும் சில நொடிகளில் திறக்க முடியும். அந்த அச்சத்தால் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

பின்கழுத்தைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை.


பதில் 4: அறுவைப் பிரிவுச் செவிலியர், திருச்சி

மேலே எல்லோரும் தழும்பைப் பற்றிப் பேசிவிட்டார்கள். வார்டில் பணியாற்றும் எங்களுக்கு முதல் 24 மணி நேரம்தான் கவலை. அதைப் பற்றி நோயாளியும் உடனிருப்பவரும் தெரிந்துவைத்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

தைராய்டு அறுவைக்குப் பிறகு நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்திலும், அதற்குப் பிறகு முதல் நாளுக்குள்ளும் வரும். அதன்பின் வருவது அரிது. அளவில் சிறிய கட்டாக இருந்தாலும், கழுத்தின் உட்பகுதியில் ரத்தமும் நிணநீரும் வடியும் வழியை அது அடைத்துவிடுவதால் குரல்வளையின் உட்படலம் வீங்கி மூச்சுப்பாதை சுருங்கும். கழுத்தை யாரோ இறுக்குவது போன்ற உணர்வு, எச்சிலை விழுங்க முடியாமை, திடீரெனக் குரல் மாறுதல், படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடித்தல், மூச்சை இழுக்கும்போது சத்தம் வருதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவானாலும் உடனே கூப்பிடுங்கள். உடனிருப்பவர், "பயத்தில் இப்படிச் செய்கிறாள், தூங்கினால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. கசியும் ரத்தம் வெளியே வடியக் காயத்தில் டியூப் வைத்திருந்து, அதில் ரத்தம் எதுவும் வராததைப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது. ரத்தம் உறைந்து டியூப் அடைபட்டிருக்கலாம். எல்லோருக்கும் டியூப் வைப்பதால் இந்த ஆபத்து குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் இப்போது பல இடங்களில் டியூப் வைப்பதே இல்லை. உங்களுக்கு வைக்காவிட்டால் விட்டுவிட்டார்களோ என்று எண்ண வேண்டாம்.

இப்படி ரத்தம் கட்டி மூச்சு முட்டினால், ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்வரை காத்திராமல் படுக்கையிலேயே தோல் தையலைப் பிரித்து, தசைத் தையலையும் பிரித்து, ரத்தக்கட்டை வெளியேற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டு பிரிட்டனில் மயக்கவியல், நாளமில்லாச் சுரப்பி அறுவை, காது மூக்கு தொண்டைத் துறையினர் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே வலியுறுத்துகிறது. கிளிப் எடுக்கும் கருவியும் கத்தரிக்கோலும் உள்ள தட்டைப் படுக்கையருகே வைத்திருப்போம். அதைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டாம்; அது அங்கே இருப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்தது கால்சியம். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு, மிகச் சிறியவை. அறுவையில் அவற்றின் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, கைவிரல்கள் தாமே மடங்கி இழுத்துக்கொள்வது ஆகியவை அறிகுறிகள். பலர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கை மரத்துப்போகிறது என்று சாதாரணமாக இருந்துவிடுவார்கள். அப்படி இருக்கக் கூடாது. சுரப்பியை முழுமையாக எடுத்தவர்களுக்கு கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி வகை மருந்தும் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பார்கள். எடுத்த சுரப்பிக்கு ஈடாகத் தரும் தைராக்ஸின் என்ற ஹார்மோன் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் செய்யும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறோம்.

குளிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் கழிந்ததும், பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள், கழுத்தில் தண்ணீர் வழியவிட்டுக் குளிக்க அனுமதிக்கிறார்கள். தேய்க்கக் கூடாது, மென்மையான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எண்ணெய்க் குளியலும் குளத்திலோ கிணற்றிலோ முங்கிக் குளிப்பதும் காயம் முழுதும் மூடும்வரை வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது போன்றவற்றை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.


கேள்வி கேட்டவர்: தமிழாசிரியை, விருதுநகர்

மருத்துவர் ஐயாவுக்கும் செவிலியர் சகோதரிக்கும் சேலம் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் இரவைப் பற்றிய விளக்கத்தை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர்தான் உடன் இருக்கப்போகிறார். கீறல் இடத்தை உட்கார்ந்த நிலையில் அடையாளமிடச் சொல்வேன்.

தழும்பு தடிப்பது, தாலிச் சங்கிலி, உணவு, குரல் ஆகியவை பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


பதில் 5: தோல் மருத்துவர், கோயம்புத்தூர்

தோளில் உள்ள பி.சி.ஜி. தழும்பு மேடாக இருப்பதை மட்டும் வைத்துக் கழுத்தும் அப்படித்தான் ஆகும் என்று முடிவு செய்ய முடியாது. தோள், மார்பின் நடுப்பகுதி, காதுமடல் ஆகியவை தழும்பு தடிக்கும் இயல்பு மிகுந்த இடங்கள். காது குத்திய இடம் இயல்பாக ஆறியது நல்ல அறிகுறி. இருந்தாலும் நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், அறுவை மருத்துவரிடம் தோள் தழும்பைக் காட்டிவிடுங்கள்.

தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்துச் சிவந்து, மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே தணிவது. மற்றொன்று கீலாய்டு, காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும், தானாகத் தணியாது. எந்தத் தழும்பும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் சிவந்து, சற்றுக் கெட்டியாக, அரிப்போடு இருக்கும். கொலாஜன் என்ற புரதம் அப்போது வேகமாக உருவாகிறது. அதன் பிறகுதான் மறுசீரமைப்பு நடக்கிறது. மூன்று வாரத்தில் ஆறிய தோலின் வலு இயல்பான தோலின் வலுவில் கால் பங்கு அளவே இருக்கும். மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதத்தை எட்டும். முழு அளவை ஒருபோதும் எட்டாது. தழும்பு முதிர்ந்து வெளிறி மென்மையாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். மூன்றாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மனமுடைந்து வருபவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் நான் சொல்வது, "இதே இடத்தை அடுத்த ஆண்டு வந்து காட்டுங்கள்" என்பதுதான்.

காயம் முழுமையாக மூடி, பசையோ பொருக்கோ உதிர்ந்தபின், ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, சிலிக்கோன் தொடங்கலாம். ஒட்டும் தாளாகவும் களிம்பாகவும் கிடைக்கிறது. தாளை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒட்டிவைக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் தாளுக்கடியில் வேர்த்து வேர்க்குரு வரும். ஆகவே கழுத்துக்குக் களிம்பே வசதி. சிலிக்கோன் பற்றிய ஆய்வுகள் தரத்தில் உயர்ந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தீங்கு குறைவு, பயன் இருக்கலாம் என்பதால் பரிந்துரைக்கிறோம். வைட்டமின் ஈ எண்ணெயைப் பலர் தாமாகவே வாங்கித் தடவுகிறார்கள். அதில் நிரூபிக்கப்பட்ட பயன் இல்லை, சிலருக்கு ஒவ்வாமைதான் வருகிறது. மஞ்சளைக் குழைத்து ஆறாத காயத்தில் பூசுவதும் வேண்டாம். அந்தத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று.

வெயில் மிக முக்கியம். புதிய தழும்பில் வெயில் பட்டால் கருமை ஏறி நெடுநாள் நிற்கும். சேலைத் தலைப்பாலோ மெல்லிய பருத்தித் துணியாலோ மறைப்பது முதல் வழி. காயம் மூடியபின் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஓராண்டுக்காவது தடவ வேண்டும். ஒரு மாதம் சென்றபின், மருத்துவர் சம்மதித்தால், விரல் நுனியால் தழும்பை மெதுவாக அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடுவது, தோல் ஆழத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் தழும்பு உயர்ந்துகொண்டே போனாலோ, அரிப்பும் வலியும் கூடினாலோ காத்திருக்க வேண்டாம். டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைத் தழும்புக்குள்ளேயே சில வார இடைவெளியில் ஊசியாகப் போடுவோம். பெரும்பாலும் நன்றாகத் தணியும். ஆனால் சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுக்கக் கூடும் என்பதால், அளவறிந்து போடுபவரிடமே போட்டுக்கொள்ள வேண்டும். கீலாய்டை வெறுமனே வெட்டியெடுத்தால் முன்பைவிடப் பெரிதாக வளரும்.

தாலிச் சங்கிலியைப் பற்றிக் கேட்கப் பெண்கள் தயங்குகிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது. அறுவைக்கு முன்பு உலோக நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு காயம் மூடும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரங்கள், கழுத்தில் உரசும் எதையும் அணியாமல் இருப்பதே நல்லது. கழற்றி வைக்க மனமில்லையென்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிலர் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கையில் கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நானும் ஒப்புக்கொள்வேன். மறுபடி அணியும்போது, மார்பில் தாழ்ந்து தொங்கும் நீளச் சங்கிலியாக, தழும்பின் முனைகளில் உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கனமான சங்கிலி ஒரே இடத்தில் நாள்முழுதும் உரசுவது தடிப்பைத் தூண்டக் கூடும்.

உணவு விஷயத்தில் உங்கள் அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் கத்தரிக்காய், மீன், முட்டை சாப்பிட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் மட்டும் அந்தப் பொருளைத் தவிர்த்தால் போதும். புண் ஆறப் புரதம் தேவை. மீனையும் முட்டையையும் பருப்பையும் அந்த நேரத்தில் நிறுத்துவது ஆறுதலைத் தாமதப்படுத்தவே செய்யும். முதல் சில நாட்கள் தொண்டை வலிக்கும் என்பதால் குழைந்த சாதம், இட்லி, தயிர், வேகவைத்த முட்டை என்று எளிதில் விழுங்கக்கூடியதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் எந்தப் பத்தியத்தையும்விட முக்கியம்.


பதில் 6: பாட்டு ஆசிரியை, கும்பகோணம்

தொழிலால் நானும் குரலை நம்பியிருப்பவள் என்பதால் எழுதுகிறேன். முழுச் சுரப்பியும் எடுத்தபின் பேச்சுக்குரல் விரைவிலேயே திரும்பியது. மேல் ஸ்தாயி மட்டும் பல மாதங்கள் எட்டவில்லை. உயர்ந்த சுருதிக்கு உதவும் சிறு நரம்பு ஒன்று சுரப்பியின் மேல்முனையை ஒட்டிச் செல்வதாகவும், அது அதிர்ந்திருக்கலாம் என்றும் காது மூக்கு தொண்டை மருத்துவர் கூறினார். குரல் பயிற்சி கொடுத்தார்கள், படிப்படியாக மேம்பட்டது. அறுவைக்கு முன்பே குரல்நாண்களைக் கருவி வைத்துப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.


பதில் 7: கல்லூரி மாணவி, சென்னை

எனக்கும் தைராய்டில் கட்டி இருப்பதால் இந்த உரையாடலைப் படித்துவருகிறேன். கழுத்தில் தழும்பே இல்லாமல் வாய் வழியாக எடுக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க இவ்வளவு கவலை எதற்கு?


பதில் 8: பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஓய்வு

முதலில் குரலைப் பற்றி. மயக்கமருந்துக் குழாய் பட்டதால் முதல் சில நாட்கள் குரல் கரகரப்பது பெரும்பாலும் எல்லோருக்கும் உண்டு. இரண்டு வாரங்களைத் தாண்டியும் கரகரப்பு நீடித்தால், அல்லது தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், குரல்நாண்களைப் பரிசோதிக்க வேண்டும். குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது, பழக்கமுள்ள கைகளில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். தற்காலிகச் சோர்வு அதைவிடச் சற்றுக் கூடுதல். பெரும்பாலும் 6 மாதங்களுக்குள், சிலருக்கு ஓராண்டுக்குள் சரியாகும். தமிழாசிரியை அவர்கள் இரண்டு மூன்று வாரங்களில் பள்ளிக்குத் திரும்பலாம். தொடக்கத்தில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைப் பயன்படுத்துங்கள். கீறலுக்கு மேலே தாடை வரைக்கும் தோல் மரத்துப்போயிருக்கும். தோலைத் தூக்கிப் பிரிக்கும்போது உணர்வு நரம்பிழைகள் அறுபடுவதால் வருவது அது. மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். தைராக்ஸின் அளவு சரிதானா என்று பார்க்க, 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தவறாதீர்கள். தைராய்டு குறைந்த நிலையே நீடித்தால் உடல்சோர்வோடு காயம் ஆறுவதும் மந்தமாகும்.

மாணவி கேட்டது நல்ல கேள்வி. கீழுதட்டின் உட்புறத்தில் மூன்று சிறு துளைகள் இட்டு, அதன் வழியே கருவிகளைச் செலுத்தித் தைராய்டை எடுக்கும் முறையைத் தாய்லாந்தின் பாங்காக்கைச் சேர்ந்த அங்கூன் அனுவோங் செம்மைப்படுத்தி, முதல் 60 நோயாளிகளின் விவரங்களை 2016இல் வெளியிட்டார். தோலில் தழும்பு இராது என்பது உண்மை. ஆனால் கட்டி அளவில் சிறியதாகவும், மூச்சுக்குழாயை நெருக்காததாகவும், மார்புக்குள் இறங்காததாகவும் இருக்க வேண்டும். மோவாய்ப் பகுதி சில காலம் மரத்துப்போகலாம். வாய் வழியே செல்வதால் காயம் தூய்மையானது என்ற வகையில் அடங்காது. ஆகவே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கிறார்கள். கழுத்து வழி அறுவைக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அக்குள் வழியாகவும் மார்பு வழியாகவும் செய்யும் முறைகளும் உண்டு. கீலாய்டு வரும் இயல்புள்ளவருக்கு மார்பில் துளையிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கழுத்தைவிட அங்கேதான் அது எளிதாக வரும்.

மாணவியின் கட்டி சிறியதாக இருந்தால், இந்த முறையில் போதிய பழக்கமுள்ள மருத்துவரைச் சந்தித்துக் கேட்கலாம். நடுவில் ரத்தக்கசிவு ஏற்பட்டால் கழுத்துக் கீறலுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதற்கும் சேர்த்தே சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். தமிழாசிரியை அவர்களின் கழலை மூச்சுக்குழாயைத் தள்ளுமளவுக்கு வளர்ந்துவிட்டதால், அவருக்குக் கழுத்து வழிதான் பொருந்தும்.